வரி உயர்வு நிதியளிப்பு

வரி உயர்வு நிதியளிப்பு என்பது, நகரின் நலிந்த பகுதியொன்றை மேம்படுத்த ஆகும் செலவை, பின்னாளில் அதே பகுதியிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் சொத்து வரியைக் கொண்டு ஈடுசெய்யும் முறையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது 'டிஃப்' எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இதற்கான சட்டம் உள்ளது.

தோற்றம்

இம்முறை கலிபோர்னியாவில் 1952ஆம் ஆண்டு தொடங்கியது. நகரச் சீரமைப்புக்கு நடுவண் அரசு தந்த நிதியுடன் உள்ளூர் அமைப்புகளும் தம் பங்கைச் செலுத்த வேண்டியிருந்தது. அப்பங்கைத் திரட்டும் வழியாகவே இது பயன்பட்டது. பிற்காலத்தில் நடுவண் நிதி குறைந்தபோது மற்ற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. இல்லினாய் மாநிலம் 1977இல் சட்டம் இயற்றியது. சிகாகோ நகரின் முதல் டிஃப் மாவட்டம் 1984இல் நகர மையத்தில் அமைக்கப்பட்டது.

செயல்படும் விதம்

அமெரிக்க நகரங்களில் சொத்து வரி முழுவதும் நகராட்சிக்குச் செல்வதில்லை. பள்ளி நிர்வாகம், கவுன்ட்டி, பூங்கா வாரியம், நூலகம் ஆகியனவும் அதில் பங்கு பெறுகின்றன. பல இடங்களில் பள்ளிகளின் பங்கே மிகப் பெரியது.

நகர மன்றம் ஒரு பகுதியை டிஃப் மாவட்டமாக அறிவித்ததும், அங்குள்ள சொத்துகளின் அன்றைய மதிப்பு 'அடிப்படை மதிப்பு' எனக் குறிக்கப்படும். அதற்குரிய வரி வழக்கம்போல் எல்லா அமைப்புகளுக்கும் பகிரப்படும். அதற்குமேல் உயரும் மதிப்புக்கான வரி மட்டும் தனி நிதியில் சேரும். இல்லினாயில் இதற்கான காலம் பொதுவாக 23 ஆண்டுகள்.

இந்நிதி சாலை, கழிவுநீர்க் குழாய், நில மாசு நீக்கம், பழைய கட்டடங்களைப் புதுப்பித்தல் போன்றவற்றுக்குச் செலவிடப்படும். வரி வந்து சேரும் முன்பே பணம் தேவைப்பட்டால், நகராட்சி கடன் பத்திரங்களை வெளியிடும். சில திட்டங்களில் கட்டுமான நிறுவனமே முதலில் செலவு செய்து, பிறகு சிறிது சிறிதாகத் திரும்பப் பெறும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பகுதியின் அடிப்படை மதிப்பு 10 கோடி டாலர், வரி விகிதம் 2 விழுக்காடு எனக் கொள்வோம். ஆண்டு வரி 20 இலட்சம் டாலர். சில ஆண்டுகளில் மதிப்பு 15 கோடியாக உயர்ந்தால், வரி 30 இலட்சமாகும். இதில் 20 இலட்சம் வழக்கம்போல் பகிரப்படும். எஞ்சிய 10 இலட்சம் டிஃப் நிதிக்குச் செல்லும்.

திட்டமே இல்லாதிருந்தாலும் அப்பகுதியின் மதிப்பு தானாகவே 13 கோடியாக உயர்ந்திருக்கும் என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது 26 இலட்சம் டாலர் எப்படியும் கிடைத்திருக்கும். திட்டத்தால் உண்மையில் விளைந்தது 4 இலட்சம் மட்டுமே. மீதி 6 இலட்சம், பள்ளி முதலிய அமைப்புகள் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டிய தொகை.

விவாதம்

இதனால்தான் இம்முறை பற்றிய விவாதம் ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கிறது: இந்த உதவி இல்லாவிட்டால் வளர்ச்சி நிகழ்ந்திருக்காதா? பல மாநிலச் சட்டங்கள் இதனை நகராட்சி உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. ஆனால் நிகழாத ஒன்றை அளந்து காட்டுவது கடினம். முடிவெடுக்கும் நகராட்சியே நிதியையும் கையாள்வதால் ஐயம் மேலும் வலுக்கிறது.

இழப்பு எப்போதும் பள்ளிகள் மீது மட்டும் விழுவதில்லை. இல்லினாயில் ஒவ்வோர் அமைப்பும் தனக்குத் தேவையான வரித் தொகையை முதலில் தீர்மானிக்கிறது. பிறகே விகிதம் கணக்கிடப்படுகிறது. டிஃப் மாவட்டத்தில் உயர்ந்த மதிப்பு அக்கணக்கில் சேராததால் விகிதம் கூடுகிறது. ஆகவே நகரின் வேறு மூலையில் உள்ள வீட்டு உரிமையாளரும் சற்றுக் கூடுதலாகச் செலுத்த நேர்கிறது.

சிகாகோ நகராட்சி 2019இல் லிங்கன் யார்ட்ஸ் என்னும் பெருந்திட்டத்துக்காக டிஃப் மாவட்டம் அமைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வசதியான குடியிருப்புகளை ஒட்டிய அவ்விடம் நலிந்த பகுதியா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர்.

சீர்திருத்தங்கள்

இம்முறையைத் தொடங்கிய கலிபோர்னியாவே பின்னர் அதைக் கைவிட்டது. மாநில அரசு கடும் நிதி நெருக்கடியில் இருந்த 2011இல் சட்டம் இயற்றப்பட்டு, சுமார் 400 சீரமைப்பு முகமைகள் 2012 பிப்ரவரியில் கலைக்கப்பட்டன. 2014இல் வேறு வடிவில் இம்முறை திரும்பி வந்தபோது, பள்ளிகளின் வரிப் பங்கை எடுக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. சிகாகோவில் தொடர்வண்டிப் பாதையைப் புதுப்பிக்க 2016இல் அமைக்கப்பட்ட டிஃப் மாவட்டத்திலும் பள்ளிகளின் பங்கு அவற்றுக்கே விடப்பட்டது. மற்ற டிஃப் மாவட்டங்களில் செலவிடப்படாத உபரித் தொகையையும் அந்நகராட்சி வரி பெறும் அமைப்புகளுக்குத் திருப்பித் தருகிறது.

உண்மையிலேயே முதலீடு வராத இடத்தில் இம்முறை பயன் தரும். தானாகவே வளரும் இடத்தில், அது மற்றவர்களின் வரிப் பங்கை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடாகவே முடியும்.