மண் விழுங்கும் மின்னோட்டம்

வானொலி அலை வெளியில் பரவுவது. ஆயினும், அதன் வலிமையை முடிவு செய்வதில் மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. உயர்ந்து நிற்கும் அலைக்கம்பியை, அதாவது ஆண்டெனாவை, நாம் கண்ணால் காண்கிறோம். அதில் பாயும் மின்னோட்டத்தின் சுற்றை நிறைவு செய்யும் வழியோ நிலத்துள் மறைந்திருக்கிறது. அவ்வழியில் தடை மிகுந்தால், செலுத்திய ஆற்றலின் பெரும்பகுதி மண்ணை வெப்பப்படுத்துவதிலேயே கழிந்துவிடும். இவ்விழப்பைக் குறைப்பது தாழ் அதிர்வெண் வானொலியின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று.

நெடிய அலையும் குறுகிய கம்பியும்

வணிக நோக்கமின்றி, அறிவார்வத்தால் வானொலித் தொடர்பில் ஈடுபடுவோரை ‘ஹாம்’ வானொலியாளர் என்பர். 2007ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை அவர்களும் பயன்படுத்த வழிவகுத்தது. சமதிசைக் கணக்கில் வீசப்படும் ஆற்றல் 1 வாட்டைத் தாண்டலாகாது என்பது அதற்குரிய வரம்பு. அந்த 1 வாட்டை எட்டுவதே அரிது என்பதுதான் வியப்பு.

காரணம் அலைநீளத்தில் இருக்கிறது. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 2200 மீட்டர். அலைக்கம்பி சிறப்பாக இயங்க, அலைநீளத்தில் கால்பங்கு உயரம் வேண்டும். அதாவது 550 மீட்டர். பாரிசின் ஈபிள் கோபுரமே 330 மீட்டர்தான்! வீட்டுத் தோட்டத்தில் எழுப்பக்கூடிய கம்பமோ பத்து, பதினைந்து மீட்டரைத் தாண்டுவது கடினம்.

கணக்கு சொல்லும் உண்மை

அலைக்கம்பியில் பாயும் மின்னோட்டம் இருவகைத் தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று, ஆற்றலை அலையாக வெளியே அனுப்பும் கதிர்வீச்சுத் தடை. இது பயன் தருவது. மற்றொன்று, நிலம், கம்பி, சுருள் முதலியவற்றில் ஆற்றலை வெப்பமாக்கும் இழப்புத் தடை. இவ்விரண்டின் கூடுதலில் கதிர்வீச்சுத் தடை எத்தனை பங்கோ, அதுவே அலைக்கம்பியின் பயனுறுதிறன்.

10 மீட்டர் உயரக் கம்பி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் உச்சியில் கிடைமட்டக் கம்பிகளை நன்கு விரித்துக் கட்டியிருந்தாலும் கதிர்வீச்சுத் தடை சுமார் 0.03 ஓம் மட்டுமே. இழப்புத் தடை 60 ஓம் எனக் கொண்டால், பயனுறுதிறன் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 100 வாட் செலுத்தினால், 0.05 வாட் அலையாகும், எஞ்சியது வெப்பமாகும். உயரத்தை இரு மடங்காக்கினால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகும். உயர்த்த இடமில்லாதவர் என்செய்வார்? இழப்புத் தடையை 30 ஓமாகக் குறைத்தால், அதே 100 வாட்டில் அலையாகும் ஆற்றல் இரு மடங்காகும். வானில் கிட்டாததை மண்ணில் தேட வேண்டியதுதான்.

மண்ணைப் பண்படுத்தல்

ஒரேயொரு கம்பியை நிலத்தில் அறைந்து இணைப்பது போதாது. 136 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் சராசரி மண்ணில் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம்வரை ஊடுருவிப் பரவுகிறது. அது கம்பத்தின் அடியை நோக்கிக் குவியும்போது, அங்கே நெரிசல் மிகுகிறது, இழப்பும் மிகுகிறது. ஆதலால், அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போலச் செப்புக் கம்பிகளைப் பரப்புவர். அவை மின்னோட்டத்துக்கு எளிய வழியமைக்கின்றன. 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள், ஆரக்கம்பிகளின் எண்ணிக்கையும் நீளமும் பயனுறுதிறனை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அளந்து வெளியிட்டனர். ஒலிபரப்புக் கோபுரங்களின் அடியில் 120 ஆரக்கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அவ்வாய்வை அடியொற்றி வேரூன்றியது.

தோட்டத்தில் அத்தனை நீளத்துக்கு இடமிராது. இருக்கும் கம்பியைச் சில நெடிய ஆரங்களாக நீட்டுவதைவிட, பல குறுகிய ஆரங்களாகப் பகுத்து, உச்சிக் கம்பிகளின் நேர்கீழே உள்ள நிலம் முழுதும் பரப்புவது நன்று. மற்றொன்றையும் மறத்தலாகாது. உச்சிக் கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் நிலவும். அருகிலுள்ள மரங்களும் கட்டடங்களும் அதன் மின்புலத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சும். கம்பியை அவற்றிலிருந்து விலக்கிக் கட்டுவதும் இழப்பைக் குறைக்கும் வழியே.

பகிர்ந்தால் குறையும்

இச்சிக்கலுக்கு நுட்பமான தீர்வு கண்டவர், சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன். மின்னோட்டம் முழுவதையும் ஓரிடத்தில் மண்ணில் இறக்காமல், பல இடங்களில் பகிர்ந்து இறக்கினார். ஓரிடத்தின் நிலத்தடையால் ஏற்படும் இழப்பு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். மின்னோட்டத்தை ஒத்த ஆறு இடங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால், ஒவ்வோரிடத்திலும் இழப்பு முப்பத்தாறில் ஒன்றாகும்; ஆறிடங்களுக்கும் சேர்த்து ஆறில் ஒன்றாகும். அலையை உண்டாக்கும் மொத்த மின்னோட்டமோ குறைவதில்லை!

இக்கருத்தின் வாழும் சான்று சுவீடனின் கிரிமெட்டன் நிலையம். 1925இல் திறக்கப்பெற்ற இந்நிலையம் 17.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. அதன் ஆறு கோபுரங்களும் 127 மீட்டர் உயரமுடையவை. எனினும், 17 கிலோமீட்டரைக் கடந்த அதன் அலைநீளத்தின்முன் அவை குட்டையானவையே. கோபுரம்தோறும் ஒரு கம்பி கீழிறங்கி, சுருள் வழியே நிலத்தை அடைகிறது. அக்குட்டைக் கோபுரங்களைக் கொண்டே அந்நிலையம் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குத் தந்திகளை அனுப்பியது. 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மிகத்தாழ் அதிர்வெண் அலைகள் கடல்நீருள் ஓரளவு ஊடுருவ வல்லவை. ஆகவே, நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப இன்றும் அவை பயன்படுகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் நிலையம் அப்பணிக்கென அமைந்ததே. பெருநிலையமாயினும் சிறு தோட்டமாயினும் இயற்பியலின் விதி ஒன்றுதான். செலுத்தும் ஆற்றலை மேன்மேலும் பெருக்குவது ஒரு வழி. வீணாகும் ஆற்றலை மீட்பது மற்றொரு வழி. பொருளும் இடமும் குறைந்தவர்க்குப் பின்னதே கைகொடுக்கும். மண்ணில் புதைந்து கண்ணுக்குப் புலப்படாத செப்புக் கம்பிகளே, மெல்லிய ஒரு குறிப்பொலியைத் தொலைதூரத்துச் செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன.