ஒரு கணிப்பொறி, பல குறிப்பேடுகள்

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1970ஆம் ஆண்டில் கணிப்பொறி மையம் ஒன்று நிறுவப்பெற்றது. ஐ.பி.எம். 360/44 என்னும் ஒரே இயந்திரத்தைப் பல துறையினரும் பகிர்ந்துகொண்டனர். துளையிட்ட அட்டைகளில் கணக்கைப் பதிந்து கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருப்பது அக்காலக் கணிப்பொறி நிலையங்களின் வழக்கம். அதே கழகத்தில் 2022இல் நிறுவப்பெற்ற 'பரம் பிரவேகா' விநாடிக்கு 3,300 இலட்சம் கோடிக் கணக்கீடுகள்வரை செய்யவல்லது. ஆயினும், ஒரு பொறியைப் பலர் இடையூறின்றிப் பயன்படுத்துவது எவ்வாறு என்னும் வினா மாறவில்லை. வகுப்பறைகளில் இதற்கு விடையளிக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று 'ஜூப்பிட்டர்ஹப்'.

குறிப்பேடு

ஜூப்பிட்டர் குறிப்பேட்டில் விளக்கவுரை, கணக்கீட்டுக் கட்டளை, விடை, வரைபடம் ஆகிய யாவும் ஒரே பக்கத்தில் அமைகின்றன. மழைமானிப் பதிவுகளைத் தந்து, மாதச் சராசரி காணும் கட்டளையை எழுதினால், விடை அதன் கீழேயே தோன்றும். ஜூலியா, பைத்தான், ஆர் என்னும் கணிப்பொறி மொழிகளின் பெயர்களை நினைவூட்டும் இத்திட்டம் 2014இல் தோன்றியது.

இயங்கும் முறை

ஜூப்பிட்டர்ஹப் மூன்று பகுதிகளால் ஆனது: வாயில், மையம், தனியர் சேவையகம். மாணவர் உலாவியின் வழியே வாயிலை அடைகிறார். வாயில் அவரை மையத்திடம் அனுப்புகிறது. மையம் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, அவருக்கெனத் தனிச் சேவையகம் ஒன்றைத் தொடங்கி, அதற்குரிய பாதையை வாயிலுக்கு அறிவிக்கிறது. அதன்பின் அவருடைய பணி வாயிலிலிருந்து நேரே அச்சேவையகத்திற்குச் செல்லும்.

நிர்வாகியின் பொறுப்பு

முதற்கவனம் நினைவகத்தைப் பற்றியது. 40 மாணவருக்குத் தலைக்கு அரை கிகாபைட் எனில் 20 கிகாபைட் வேண்டும். பொறியின் சொந்தத் தேவை அதற்கு மேற்பட்டது. வரம்பு விதிக்காவிடில், ஒருவர் பெருங்கோப்பு ஒன்றைத் திறந்த மாத்திரத்தில் நினைவகம் தீர்ந்து, மற்றவர்களுடைய பணியும் நின்றுவிடக்கூடும்.

பயனின்றி இயங்கும் சேவையகங்களைக் குறித்த நேரத்திற்குப்பின் நிறுத்திவிடவும் ஏற்பாடு உண்டு. அப்போது சேமித்த குறிப்பேடு அழிவதில்லை. ஆனால் நினைவகத்திலிருந்த இடைநிலை விடைகள் மறைந்துபோகும். மாணவர் கட்டளைகளை முதலிலிருந்து மீண்டும் இயக்குதல் வேண்டும். இதனை ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துரைத்தால் வீண் கலக்கம் தவிரும்.

குறிப்பேட்டின் வழியே எந்தக் கட்டளையையும் இயக்க இயலுமாதலால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இன்றியமையாதது. கடவுச்சொற்கள் மறைகுறியீட்டு இணைப்பின் வழியே மட்டும் செல்லவேண்டும். பிறருடைய சேவையகத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நிர்வாகிக்கு அளிக்க இயலும். அதனை மாணவர் உதவி வேண்டும்போது மட்டும் கையாளுவதே முறையாகும். குறிப்பேடுகளின் படிகளை வேறொரு பொறியில் வைப்பதோடு, அவற்றிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்தல் நலம்.

ஒரே பொறியில் ஏறத்தாழ 100 பேர்வரை பயன்படுத்துவதற்கெனச் சிறு வடிவம் ஒன்றும் உண்டு. மென்பொருளுக்கு விலை இல்லை. பள்ளி செலவிடவேண்டியது பொறிக்கும், அதனைப் பேணும் ஒருவருடைய இடையறாத கவனத்திற்குமே ஆகும்.