சாவிக்கொத்து யார் கையிலே?

ராத்திரி பத்தரை மணிக்கு போன். எடுத்தால், "மச்சான், பேஜைக் காணோம்டா!" என்று அலறுகிறான் நண்பன்.

பர்ஸைக் காணோம், பைக்கைக் காணோம் என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். பேஜைக் காணோம் என்றால் எங்கே போவது?

நண்பனுக்கு தில்லைநகரில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. மொத்தமே பன்னிரண்டு பேர். ஆபீஸ் விவரமெல்லாம் ஒரு 'விக்கி'யில் இருக்கிறது. விக்கி என்றால் தெரியும்தானே? ஆளாளுக்கு எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். ஊரே சேர்ந்து எழுதும் நோட்டுப் புத்தகம். விக்கிப்பீடியா ஓடுகிற அதே 'மீடியாவிக்கி' சாஃப்ட்வேர்தான். இலவசம். (அதனால்தான் முதலாளி சம்மதித்தார்.)

காணாமல் போனது சாதாரணப் பக்கமில்லை. வருஷக் கணக்கு எப்படி முடிப்பது, எந்த பார்ட்டிக்கு என்ன ஏற்பாடு என்று அங்கே முப்பது வருஷம் குப்பை கொட்டிய ஹெட் கிளார்க் எழுதி வைத்த பக்கம். ரிட்டயர் ஆகுமுன் ஒரு மாதம் உட்கார்ந்து, இரண்டு விரலால் டைப் அடித்தார். போன தை மாதம் காலமாகிவிட்டார். போன் போட்டுக் கேட்க ஆள் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆடிட்டர் வருகிறார்!

நடந்தது இதுதான். விக்கி ஆரம்பித்த அன்று மேனேஜர் தாராள மனசோடு, "எல்லாரும் நம்ம பசங்கதானே!" என்று பன்னிரண்டு பேருக்கும் எல்லா அதிகாரத்தையும் டிக் அடித்துவிட்டார். பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், ஆளைத் தடுக்கலாம், அடுத்தவருக்குப் பதவி கொடுக்கலாம், பிடுங்கலாம். புதிதாகச் சேர்ந்த பையன், ஒரே தலைப்பில் இரண்டு பக்கம் இருக்கிறதே என்று ஒன்றை நீக்கினான். அதுதான் ஒரிஜினல்! சீனியர் ஒருவருக்குக் கோபம். "இனிமே யாருக்கும் பவர் கிடையாது" என்று ஒவ்வொரு பேராக எடுத்து டிக்கை நீக்கிக்கொண்டே போனார். வேகத்தில் பன்னிரண்டாவது பேரையும் எடுத்துவிட்டார்.

பன்னிரண்டாவது பேர், அவருடையது.

இப்போது ஆபீஸில் ஒருத்தரிடமும் சாவி இல்லை!

* * *

நான் பி.காம். கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் சில வருஷமாக எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில், "காலையில வர்றேன், தூங்குடா" என்றேன். (நான் தூங்கவில்லை.)

விடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் எதிர்வீட்டு மாமாவிடம் கதையைச் சொன்னேன். பாங்கில் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏண்டா, நீ பி.காம்.தானே படிச்சே? கேஷ் வாங்கறவனே லெட்ஜரும் எழுதலாமோ?"

"கூடாது மாமா. இன்டர்னல் செக்."

"கஜானாவுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ரெண்டு பேர் கையில."

"அப்புறம் என்ன? மேனேஜருக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கலாம். நம்பிக்கை வேற, சாவி வேற. இது இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லியா தரணும்?" என்று கோபுரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நியாயம்தான். 'கோயிலொழுகு' என்று ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றுக் குறிப்பு ஒன்று உண்டு. 1961-ல் வி.என். ஹரிராவ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். யார் யாருக்கு என்ன வேலை, என்ன உரிமை என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. ஐந்து பிரிவாக இருந்த கோயில் பணியாளர்களை ராமானுஜர் பத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனி வேலை வகுத்தார் என்கிறது அது. அதற்கு முன் சாவி பெரிய கோயில் நம்பி என்பவர் கையில் இருந்ததாகவும், கூரத்தாழ்வான் மூலமாக அது ராமானுஜரிடம் வந்ததாகவும் பரம்பரைக் கதை. சாவி கை மாறுவது அந்தக் காலத்திலேயே சாதாரண விஷயமில்லை!

இன்னொரு வேடிக்கை. கோயிலொழுகு ஒரே ஆள் எழுதியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்த்துக்கொண்டே வந்தது. நம்மூர் விக்கி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

* * *

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டும்போது சிரிப்பு வந்தது. விக்கிக்குப் பேர் வந்ததே ஒரு பஸ்ஸால்தான். ஹொனலுலு ஏர்போர்ட்டில் 'விக்கி விக்கி' என்று ஒரு பஸ் ஓடியது. ஹவாய் மொழியில் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று அர்த்தம். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு 1995 மார்ச் 25-ல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். சாவியும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை.

கூட்டம் சேர்ந்ததும் வாட்ச்மேன் தேவைப்பட்டார். 2005-ல் ஜான் சைகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ பேர் சொல்லாமல் அபாண்டமாக எழுத, நாலு மாதம் அது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பக்கம் தொடங்க கணக்கு அவசியம் என்று அங்கே விதி வந்தது.

2003-ல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியா, 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. அங்கே அதிகாரம் படிப்படியாகத்தான். பழகுவதற்கு 'மணல்தொட்டி'. கூடிப் பேச 'ஆலமரத்தடி'. நம்பகமாக எழுதுபவர் 'தற்காவலர்', அதாவது அவர் எழுதியதை வேறொருவர் சரிபார்க்கக் காத்திருக்க வேண்டாம். விஷமத் திருத்தத்தை ஒரே தட்டில் பழையபடி ஆக்குபவர் 'முன்னிலையாக்கர்'. நீக்க, பூட்ட, தடுக்க 'நிருவாகி'. அந்த நிருவாகிப் பதவியைக் கொடுப்பவர் 'அதிகாரி'. அவரும் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. பேரை முன்மொழிந்து, மற்றவர்கள் ஆதரவோ எதிர்ப்போ சொன்ன பிறகுதான்.

தளம் முழுவதற்குமான நிரலில் கை வைக்கும் உரிமை முன்பு எல்லா நிருவாகிகளுக்கும் இருந்தது. ஒருத்தரின் பாஸ்வேர்டு திருடு போனாலும் படிக்க வருகிற அத்தனை பேருக்கும் ஆபத்து. ஆகவே 2018-ல் அதைத் தனியாகப் பிரித்து 'இடைமுக நிருவாகி' என்று வேறு சிலரிடம் கொடுத்தார்கள். பதவிக் குறைப்பு இல்லை சார், பாதுகாப்பு! நிருவாகியாவது பெரிய விஷயமே இல்லை என்று ஜிம்மி வேல்ஸ் 2003-லேயே சொல்லிவிட்டார். அது துடைப்பம். கிரீடம் இல்லை.

* * *

ஒன்பதேகால். ஆபீஸில் எல்லார் முகத்திலும் சாவுக் களை. அந்தப் புதுப் பையன் சாப்பிடவே இல்லையாம்.

விக்கிக்கு உள்ளே சாவி இல்லாவிட்டாலும், அது ஓடுகிற கம்ப்யூட்டர் மூலையில் இருக்கிறதே! அதில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை வரி கொடுத்தால், இருக்கிற கணக்கு ஒன்றுக்குத் திரும்பவும் பதவி கொடுக்கலாம். கொடுத்தோம். அடுத்தது, நீக்கிய பக்கம். விக்கியில் 'நீக்கு' என்றால் அழிந்து போவதில்லை. பீரோவுக்குள் போகிறது. நிருவாகி நினைத்தால் திரும்ப எடுக்கலாம். 'மீட்டெடு' என்று தட்டினேன்.

பக்கம் வந்தது. கூடவே அதன் வரலாறும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வரி என்று அந்தப் பெரியவரின் பேரில் வரிசையாக ஒரு மாதத் திருத்தங்கள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் மட்டும் மூக்கை உறிஞ்சினான்.

ஆடிட்டர் பத்தரைக்குத்தான் வந்தார்.

உங்கள் ஆபீஸிலும் விக்கி உண்டா?

1. பதவி கொடுக்கும் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் போதாது, பன்னிரண்டு பேர் ஆகாது.

2. எழுதும் உரிமை எல்லாருக்கும். நீக்கும் உரிமை மூன்று பேருக்கு.

3. ராஜினாமா செய்தவரின் அதிகாரத்தை அன்றைக்கே எடுங்கள். ஃபேர்வெல் பார்ட்டிக்கு முன்பே!

4. மீடியாவிக்கியை நிறுவியதும் கணக்கு இல்லாதவரும் எழுதலாம் என்றுதான் இருக்கும். செட்டிங்ஸில் ஒரு வரி சேர்த்து மூடுங்கள்.

5. சம்பள விவரத்தை அதில் போடாதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் சிலரிடமிருந்து மறைப்பதற்கு ஏற்பட்ட சாஃப்ட்வேர் இல்லை அது.

6. வாரம் ஒரு பேக்கப். அதையும் வேறொரு ஆள் எடுக்கட்டும்.

சாயங்காலம் மாமாவிடம் வெற்றியைச் சொன்னேன். "இப்போ ரெண்டு பேர்கிட்டதான் சாவி மாமா. மேனேஜர்கிட்ட ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"அந்தப் புதுப் பையன்கிட்ட."

மாமா காபியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சபாஷ்! ஒரு தடவை கணக்கில் துண்டு விழுந்த கேஷியர்தான் அப்புறம் ரெண்டு தடவை எண்ணுவான்."