சுவருக்குள் கசியும் குழாய்: உளி வைப்பதற்கு முன்

சுவருக்குள் பதித்த தண்ணீர்க் குழாய் கசிந்தால் அது முதலில் பெயிண்டில்தான் தெரியும். ஓரிடத்தில் பெயிண்ட் உப்பி, சில வாரங்களில் பொரிந்து உதிரும். பூச்சின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகை ஊதிப்போகும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, ஓதத்துக்கென்று கடையில் கொடுக்கும் பெயிண்டை இரண்டு கோட் அடித்துவிடுகிறார்கள். பின்னால் குழாய் கசிந்துகொண்டிருக்கும்போது முன்னால் அடிக்கும் எந்தப் பூச்சும் நிற்காது. ஈரம் அந்த இடத்தை விட்டுப் பக்கத்தில் கிளம்பும். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இப்படியே மூடி மூடி வைத்துக் கடைசியில் சுவரை உடைக்கும்போது, கட்டியவரிடம் இலவசமாகச் சரிசெய்து வாங்கியிருக்கக்கூடிய காலக்கெடு கடந்துபோயிருக்கும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்ற சிறு கசிவே, சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்தாலும், ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் போகும். அந்தத் தண்ணீர் செங்கல்லுக்குள் ஊறி பீமுக்கும் சிலாபுக்கும் இறங்குகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் பழைய அடுக்குமாடிகளில் பல இப்படித்தான் கெட்டன.

அதைவிட அவசரமான ஆபத்து மின்சாரம். குளியலறைச் சுவரிலும் சமையலறைச் சுவரிலும் தண்ணீர்க் குழாயும் ஒயர் போகும் குழாயும் சில அங்குல இடைவெளியில் ஓடுகின்றன. சுவிட்ச் போர்டைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ, குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்றாலோ, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி தானாக விழுந்தாலோ அன்றைக்கே அந்தச் சர்க்யூட்டை நிறுத்த வேண்டும். விழுந்த ஆர்.சி.சி.பி.யைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளுவதும், தொந்தரவு என்று அதையே கழற்றிவிடுவதும் உயிரோடு விளையாடுவது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அது வைக்கப்பட்டிருப்பது ஆளைக் காப்பாற்றத்தான். மெயின் போர்டே நனைந்திருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லி, வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும்.

கசிவது தெருவிலிருந்து வரும் மெயின் லைன் என்றால் வேறொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊர்களில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது தண்ணீர் வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுபடும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் உடைந்திருந்தால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் சம்ப்பைக் காலிசெய்து கழுவ வேண்டும். குடிப்பதையும் சமைப்பதையும் கொதித்த நீரில் மட்டுமே செய்ய வேண்டும். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பகுதிப் பொறியாளரிடம் நேரில் எழுத்தாகவும் கொடுக்க வேண்டும். எண் இல்லாத புகாரை யாரும் தேட மாட்டார்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொறியியல் பிரிவு. அங்கும் அசைவு இல்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100. தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டுமானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

அடுத்த கேள்வி, இது எந்தத் தண்ணீர் என்பது. இதைக் கேட்காமல் உளியை எடுப்பதால்தான் பாதிச் சுவர்கள் வீணாக உடைகின்றன. மழை பெய்தால் மட்டும் நனைவது வெளிச்சுவர் விரிசலோ மொட்டைமாடியோ. குளித்த பிறகு நனைந்து மறுநாள் காய்வது கழிவுக் குழாய் அல்லது தரை டைல்ஸின் இடுக்கு. இரவும் பகலும், வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி ஈரமாக இருப்பதுதான் பெரும்பாலும் சப்ளை லைன். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு சுவருக்குள் இறங்குவதும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சப்ளை லைன்தான் என்று உறுதிசெய்யச் செலவு எதுவும் இல்லை. இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். விடியும்போது மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. மீட்டர் இருக்கும் வீட்டில் மீட்டரே சொல்லிவிடும். இதற்கு முன் டாய்லெட் சிஸ்டர்னில் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் திருடன் அங்கேதான் இருக்கிறான், சுவரில் இல்லை. பிறகு கீசருக்குப் போகும் வால்வை மட்டும் ஓர் இரவு மூடிவைத்தால் கசிவது சுடுநீர் லைனா குளிர்நீர் லைனா என்று பிரிந்துவிடும். கடைசியாக பிரஷர் டெஸ்ட். குழாய் வாய்களை எல்லாம் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. 10 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். அதைப்போல ஒன்றரை மடங்காவது ஏற்றிச் சோதிக்க வேண்டும். பம்ப் இல்லாமல் வரும் பிளம்பர் கையால் தட்டிப் பார்த்துச் சொல்வது ஊகம்தான். ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பதும் தப்பு. மூன்றடி மேலே எல்போவில் கசிந்த நீர் குழாயோடு இறங்கி, கீழே வந்து முகம் காட்டும்.

இனி வருவதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். உடைப்பதற்கு முன் படம், உடைக்கும்போது படம், ஓட்டை தெரிந்ததும் அளவுநாடா வைத்துப் படம். தேதி தெரிய வேண்டும். கழற்றி எடுத்த குழாய்த் துண்டைக் குப்பையில் போடக் கூடாது, அதுதான் சாட்சி. பிளம்பரிடம் எங்கே, எதனால் கசிந்தது, என்ன மாற்றினார் என்று எழுதிக் கையெழுத்திட்ட பில் வாங்க வேண்டும். இவை எதுவுமில்லாமல் உடைத்து, ஒட்டி, டைல்ஸும் பதித்துவிட்டு, பிறகு நஷ்டஈடு கேட்டு வருபவர்களுக்கு எந்த ஆணையத்தாலும் உதவ முடியாது.

வீடு புதிது என்றால் பொறுப்பு கட்டியவருடையது. 2016 ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானம், வேலைத்தரம், வசதிகள் ஆகியவற்றில் குறை தெரியவந்து சொல்லப்பட்டால், கட்டுநர் 30 நாளுக்குள் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. உள்குழாய் கசிவு இதற்குள் வரும். ஒப்பந்தத்தில் ஒரு வருட உத்தரவாதம்தான் என்று எழுதியிருப்பதைக் காட்டி மறுப்பார்கள். சட்டத்தின் 5 ஆண்டை ஒப்பந்தம் குறைக்க முடியாது. ஆனால் குறை அந்த 5 ஆண்டுக்குள் அவர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். சைட் சூப்பர்வைசரிடம் போனில் சொன்னதும், ‘பார்க்கிறோம் சார்’ என்று அவர் சொன்னதும் கணக்கில் வராது. கம்பெனி முகவரிக்கு மின்னஞ்சலும், பட்டுவாடா சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலும், இரண்டும் வேண்டும். கடிதத்தில் ஒப்படைத்த தேதி, கசியும் இடம், கண்டறிந்த நாள், 30 நாள் கெடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். சாவி வாங்கிய அன்று கொடுத்த ஒப்படைப்புக் கடிதம் இல்லையென்றால் 5 ஆண்டைக் கணக்கிடுவதே தகராறாகிவிடும்.

30 நாள் கடந்தும் ஆள் வரவில்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். பழுதைச் சரிசெய்ய உத்தரவு வேண்டுமானால் படிவம் எம். இழப்பீட்டுப் பணம் வேண்டுமானால் அங்குள்ள தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். இரண்டையும் குழப்பி ஒன்றிலேயே எல்லாவற்றையும் கேட்பதால் மாதக்கணக்கில் இழுபடுகிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கும், 8 வீட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் இந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்காரருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. பிளம்பரோ வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போனாலும் இதே இடம்தான். கொடுத்த கூலி 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் புகார்க் கட்டணமே இல்லை. பில் மட்டும் இருக்க வேண்டும். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: பில் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் 2017 நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. குழாய் லைனை மாற்றுவது வீட்டுக்காரர் செலவு. டேப், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் செலவு. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் கசியும் லைனுக்குக் குடியிருப்பவரின் அட்வான்ஸில் கை வைப்பது பல வீடுகளில் நடக்கும் அநியாயம். எழுத்தில் சொல்லியும் வீட்டுக்காரர் செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முன்கூட்டி எழுத்தில் கேட்காமலோ, மொத்தச் செலவையும் ஒரே மாத வாடகையில் கழித்தோ மாட்டிக்கொள்ளக் கூடாது. தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் போக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அவர். வாடகை ஒப்பந்தம் பதிவாகி, குத்தகைப் பதிவு எண் வாங்கியிருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பரை மட்டும் பீரோவில் வைத்திருப்பவர்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மேல்வீட்டுக் குழாய் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும் தகராறுகளில்தான் சத்தம் அதிகம், வேலை குறைவு. வாட்ஸ்அப் குழுவில் வசை, பிறகு காவல் நிலையம், அங்கே ‘சிவில் மேட்டர்’ என்ற பதில். செய்ய வேண்டிய வழி இது. சங்கச் செயலாளரை வைத்து இரு வீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்து, மேல்வீட்டு வால்வை ஒருநாள் மூடினால் ஒழுகல் நிற்கிறதா என்று சோதித்து, அதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கும் லைன் பொதுவானது. அதன் செலவு சங்கத்துடையது. அதிலிருந்து பிரிந்து ஒரு வீட்டுக்குள் ஓடுவது அந்த வீட்டுக்காரருடையது. சங்க விதிகளிலும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்வீட்டார் கதவைத் திறக்க மறுத்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம்; கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதுவும் முடியாதபோதுதான் சிவில் வழக்கு. வழக்கோடு சேர்த்து, வீட்டைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்க வேண்டும். சுவர் காய்ந்துபோன பிறகு கேட்டுப் பயனில்லை. கோபத்தில் மேல்வீட்டுத் தண்ணீரை நாள்கணக்கில் அடைத்துவைத்தால் புகார் திரும்பிவிடும்.

பழுதுபார்ப்பில் அவசரமே எதிரி. சி.பி.வி.சி. குழாயில் கெட்ட பகுதியை இருபுறமும் நேராக வெட்டி, புதுத் துண்டை இரண்டு கப்ளிங்கால் இணைத்து, சால்வென்ட் தடவி ஒட்டுகிறார்கள். மேலிருந்து ஒரு சொட்டு வந்துகொண்டிருந்தாலும் அந்த ஒட்டு பிடிக்காது. ஆகவே வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து லைனை முழுக்க வடியவிட்டு, துடைத்துக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். கெட்டியாகிப்போன சால்வென்ட் டப்பாவை வீசிவிட வேண்டும். சுடுநீர் லைனில் விலை குறைவென்று யு.பி.வி.சி. போடக் கூடாது. ஓட்டையின் மேல் எம்-சீல் அப்பிச் சிமென்ட் பூசுவது பழுதுபார்ப்பே ஆகாது. துருப்பிடித்த பழைய ஜி.ஐ. லைனில் ஓரிடத்தை அடைத்தால் அடுத்த இடம் திறக்கும். அதை அப்படியே சுவருக்குள் கைவிட்டு, புது லைனைச் சுவருக்கு வெளியே ஓட்டுவதே புத்திசாலித்தனம். தூணையோ பீமையோ கொத்திக் கம்பியைத் தொட எந்த பிளம்பரையும் விடக் கூடாது. ஒட்டிய பிறகு ஒருநாள் விட்டு, சுவர் திறந்திருக்கும்போதே மறுபடி பிரஷர் டெஸ்ட். அன்று மாலையே பூசிவிட்டுப் போக வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். இணங்கக் கூடாது.

வீட்டுக் காப்பீடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் குழாயோ தொட்டியோ திடீரென வெடித்து ஏற்படும் சேதம் உண்டு; மாதக்கணக்கில் மெல்ல ஊறிய ஓதமும் தேய்மானமும் இல்லை. எனவே வெடித்த அன்றே படத்தோடு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். காப்பீட்டு சர்வேயர் பார்க்கும் முன் குழாயை மாற்றினால் கோரிக்கை சிக்கலாகும்.

சுவரை மூடுவதற்கு முன் குழாய் ஓடும் பாதையைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்ற அளவோடு படமெடுத்து, பில்லோடும் டெஸ்ட் தேதியோடும் வீட்டுப் பத்திரக் கோப்பில் வையுங்கள். அடுத்து ஆணி அடிக்கவோ டிரில் போடவோ வருபவருக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.