சில்லுப் பலகையும் மலைநாட்டு இளைஞரும்

விளையாட்டு என்பது நிலத்தை ஒட்டி வளர்வது. அறுவடை முடிந்த வயலிற் கிளித்தட்டும், கடற்கரை மணலிற் சடுகுடுவும், பரந்த புற்றரையிற் கிரிக்கெட்டும் செழித்தமை யாவரும் அறிந்ததே. ஆயின், முழத்துக்கு முழம் ஏற்றமும் இறக்கமுமாய் அமைந்த ஊவாத் தோட்டங்களிலே வாழும் எமது சிறார்க்கு ஏற்ற விளையாட்டு எது? தேயிலைக்கு உதவாத துண்டு நிலமே பெரும்பாலும் அவர்களுக்கு மைதானமாக வாய்க்கின்றது. அங்கே ஓங்கி அடித்த பந்து கீழ்மலையிற் சென்றுதான் நிற்கும். அதனைத் தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இக்குறையை எண்ணுமிடத்து, பரந்த சமதரையை வேண்டாத ஒரு விளையாட்டு உலகெங்கும் பரவி வருவது எமது கருத்தைக் கவர்கின்றது. பலரும் ஸ்கேட்போர்ட் என வழங்கும் அதனை இக்கட்டுரையிற் சில்லுப் பலகை என்றே குறிப்போம்.

இது எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பழுதடைந்த வாகனங்களிலிருந்து கழித்தெறிந்த பெயாரிங்குகளைப் பலகைத் துண்டிற் பூட்டி இறக்கத்தில் உருட்டுவதும், கமுகம் மட்டையில் அமர்ந்து சறுக்குவதும் எமது சிறார் அறிந்த ஆட்டங்களே. அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலும் இவ்விளையாட்டு ஏறக்குறைய இவ்வாறே தோன்றிற்று. 1950களிலே, கடலலைமீது பலகையேறிச் சறுக்கிய இளைஞர் சிலர், அலை ஓய்ந்த நாட்களில் உருளைச் சப்பாத்தின் சில்லுகளைக் கழற்றி மரப்பலகையிற் பூட்டி வீதியில் ஓட்டினர். அச்சில்லுகள் கடினமானவை. சிறு கல்லொன்று தடுத்தாலும் பலகை அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஏறியவன் மட்டும் முன்னே பறப்பான். 1970களின் முற்பகுதியில் பிராங்க் நாஸ்வேர்த்தி என்பார் யூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சில்லுகளைச் சந்தைக்குக் கொணர்ந்தார். றப்பர் போல் அதிர்வைத் தாங்கவும், எளிதில் தேயாது உழைக்கவும் வல்ல அச்சில்லுகளே இவ்விளையாட்டுக்கு மறுபிறப்பு அளித்தன.

அதன்பின் நேர்ந்தது ஒரு வறட்சி. 1976, 1977 ஆம் ஆண்டுகளிலே கலிபோர்ணியாவில் மழை பொய்க்க, வீட்டு நீச்சற் குளங்கள் பல வெறுமையாயின. வளைந்த சுவர்களையுடைய அக்குளங்களையே இளைஞர் தம் ஆடுகளமாக்கினர். சற்றுப் பின்னர் அலன் கெல்பண்ட் என்னும் இளைஞர், கையாற் பிடியாது பலகையோடு மேலெழும் வித்தையைக் கண்டார். ‘ஒலி’ என வழங்கும் அவ்வித்தையை ரொட்னி முல்லன் என்பார் 1980களின் தொடக்கத்திலே சமதரையிலும் செய்து காட்டினார். அதனால் வீதியோரத் திண்ணையும் படிக்கட்டும் கைபிடிக் கம்பியும் ஆடுகளங்களாயின. கொரோனாத் தொற்றினாற் பிற்போடப்பட்டு 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. அங்கு மகளிர் வீதிப் பிரிவில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியா 13 வயதுச் சிறுமியாவார்.

இனிப் பலகையின் அமைப்பை நோக்குவோம். மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்வது மேற்பலகை. அதன் முனைகள் இரண்டும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியிலே உலோக அச்சுக்கள் இரண்டு. அச்சுக்கு இரண்டாகச் சில்லுகள் நான்கு. சில்லுக்கு இரண்டாகப் பெயாரிங்குகள் எட்டு. அவற்றின் உட்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். அச்சுக்களிலுள்ள மெத்தைகள் அமுங்குவதனால், உடலை எப்பக்கம் சாய்க்கின்றோமோ அப்பக்கம் பலகை திரும்பும். ‘ஒலி’ செய்பவன் பின்முனையை ஒரு காலால் விரைந்து தட்டி உடனே துள்ளுகின்றான். முன்முனை மேலெழும்போது மற்றைக் காலைப் பலகைமீது முன்னோக்கி இழுத்து, பின்முனையையும் உயர்த்திச் சமமாக்குகின்றான். பார்ப்பவர்க்குப் பலகை காலோடு ஒட்டியிருப்பது போலத் தோன்றும். மேற்பலகையில் ஒட்டிய உரத்தாளின் பிடிப்பும், பலநூறு முறை விழுந்தெழுந்த பயிற்சியுமே அதன் இரகசியம்.

வெம்மை மிக்க நகரங்களில் இதனை ஆடுவோர் சில உண்மைகளை மனங்கொள்ளல் வேண்டும். நண்பகல் வெயிலிற் கொங்கிறீற்றுத் தரை காற்றைவிட மிகுதியாகச் சுடும்; தார் வீதியோ இளகிச் சில்லைப் பற்றும். ஆகவே விடியற்பொழுதும் மாலையுமே உகந்த வேளைகள். கடற்கரை நகரிலே உப்புக் காற்று பெயாரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மலைநாட்டிலே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை பலகையின் ஒட்டை விடுவிக்கும். நனைந்த பலகையை உடனே துடைத்துலர்த்தி, பெயாரிங்குக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுதல் நலம். கரடுமுரடான வீதிக்கு ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள மென்மையான சில்லு ஏற்றது; வழவழப்பான தளத்தில் வித்தை பயில்வோர்க்கு 50 முதல் 54 மில்லிமீற்றர் வரையான கடினச் சில்லே பொருந்தும். இவற்றையெல்லாம் விலைகொடுத்தே பெறவேண்டுமாயின், ஏழைக்கு இதில் இடமுண்டோ என்று வினவலாம். அவ்வினாவுக்குத் தமிழகத்திலிருந்தே விடை கிடைத்துள்ளது.

பல்லவர் சிற்பங்களாற் புகழ்பெற்ற மாமல்லபுரத்தில், எளிய மீனவக் குடும்பத்திற் பிறந்த கமலி மூர்த்தி என்னும் சிறுமி, வெறுங்காலோடு, பாவாடை பறக்க, சரிதளமொன்றிற் பலகையேறி இறங்கினாள். அங்கு வந்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஜேமி தோமஸ் எடுத்த அந்நிழற்படத்தை, இத்துறையிற் பெரும்புகழ் பெற்ற ரோனி ஹோக் உலகறியப் பகிர்ந்தார். அச்சிறுமியையும் அவள் அன்னையையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்னும் குறும்படம், பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்கு 2020 இல் முன்மொழியப்பட்டது. அவ்வூருக்கு வந்தோர் பலர் பெருஞ்செல்வரல்லர். தோளிற் பையும் கையிற் பலகையுமாக மலிவான விடுதிகளிற் தங்கிச் செல்பவர்களே இவ்விளையாட்டை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றனர். ஒரு பலகையைப் பலர் மாறி மாறி ஏறிப் பழகுவது எங்கும் காணும் வழக்கம்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்னும் சிற்றூரின் வரலாறு இதனினும் சிறப்புடையது. உல்ரிக் ரைன்ஹார்ட் என்னும் ஜேர்மானிய அம்மையார் 2015 இல் அங்கு ஒரு கொங்கிறீற்று ஆடுகளத்தை அமைப்பித்தார். அவர் விதித்த நெறிகள் இரண்டே. பள்ளிக்குச் செல்லாதார்க்குப் பலகை இல்லை என்பது ஒன்று. பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்பது மற்றொன்று. அதுவரை சாதி வேற்றுமையால் ஒதுங்கி நின்ற ஆதிவாசிச் சிறாரும் யாதவச் சிறாரும் ஒரே களத்தில் விழுந்தெழுந்து கைகொடுத்துப் பழகினர். அவ்வூர்ப் பெண்ணாகிய ஆஷா கோண்ட் 2018 இற் சீனத்தின் நாஞ்சிங் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பிற் கலந்துகொண்டார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தொழில் தேடிச் செல்லும் பிள்ளைகளைக் கண்டு வருந்தும் எமக்கு, அம்முதல் நெறி உற்று நோக்கத்தக்கது.

தொழில் தேடிச் செல்வோர் பற்றியும் ஈண்டு ஒரு சொல். கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1924 இற் பதுளையை வந்தடைந்தது. அப்பாதையாலும் பின்னர் வீதியாலும் எமது இளைஞர் பலர் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடித் தலைநகர் சென்றனர், இன்றும் செல்கின்றனர். வாரத்திற் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வைச் செலவின்றிக் கழிக்க அவர்களுக்கு இடம் அரிது. 3 கிலோகிராமுக்கும் குறைந்த இப்பலகை, குறுந்தூரப் பயணத்துக்கு வாகனமாகவும் பொழுதுபோக்காகவும் அமையும். எனினும் அதற்கு ஒழுக்கம் வேண்டும். கோயில் வீதியிலும், விகாரை முன்றிலிலும், நினைவுச் சின்னங்களின் அருகிலும் பலகையைக் கையிற் தாங்கி நடத்தல் வேண்டும். காவலாளி வேண்டாமென்றால் வணங்கி விலகுதல் வேண்டும். அவரும் பெரும்பாலும் ஓர் ஏழைத் தொழிலாளியே. காசு குறைந்த பயணியும் தலைக்கவசத்திலும் குடிநீரிலும் சிக்கனம் பிடித்தலாகாது. விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். உடலைச் சுருட்டித் தோளாற் புரள்வதை முதல் நாளிலேயே பழகுதல் வேண்டும். கை முறிந்தவனுக்கு நாட்கூலியும் இல்லை.

இவ்வெச்சரிக்கை மலைநாட்டார்க்கு இன்னும் இன்றியமையாதது. எமது வீதிகளின் இறக்கம் கண்டு மயங்கலாகாது. உராய்வையும் காற்றின் தடையையும் நீக்கிக் கணித்தால், செங்குத்தாக 10 மீற்றர் கீழிறங்கிய பலகை மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தை எய்தும். இருபதுக்கு ஒன்று என்ற சாதாரணச் சாய்வுள்ள வீதியில் அதற்கு 200 மீற்றர் தூரமே போதும். தடைகள் அவ்வேகத்தை ஓரளவு குறைக்குமாயினும், பலகைக்குத் தடுப்புக் கருவி கிடையாது. காலைத் தரையில் உரசியே நிறுத்துதல் வேண்டும். எதிரே பேருந்து வரும் பண்டாரவளை வளைவுகளிலும் அப்புத்தளை இறக்கத்திலும் இதனைச் செய்து பார்ப்பது வீரமன்று, உயிரோடு சூதாடுதலாகும்.

ஆகவே, எமது பிள்ளைகளுக்கு வேண்டியது வீதியை விட்டு விலகிய ஒரு சிறு தளம். பூப்பந்தாட்டக் களத்தின் அளவாகிய 13.4 மீற்றர் நீளமும் 6.1 மீற்றர் அகலமுமுள்ள மட்டமான கொங்கிறீற்றுத் தரை தொடக்கத்துக்குப் போதும். 10 சென்ரிமீற்றர் தடிப்பில் இடின் அதற்கு வேண்டுவது ஏறத்தாழ 8 கன மீற்றர் கொங்கிறீற்றே. காலையிற் பூப்பந்தும் மாலையிற் சில்லுப் பலகையும் அதிலே ஆடலாம். வலைப் பந்துக்கோ உதைபந்துக்கோ வேண்டிய நிலத்தை ஒரு தோட்டத்திற் பெறுதல் அரிது. இவ்வளவு நிலத்தைப் பெறுதல் இயலாததன்று.

ஆனால் மலையை வெட்டி அத்தளத்தை அமைக்க முற்படுவோர் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதியை மறத்தலாகாது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் அன்று மண்சரிவிற் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் எவ்வளவு நொய்தானவை என்பதை மீண்டும் காட்டிற்று. வடிகாலின்றி வெட்டிய மேடு நீரை உள்வாங்கிக் கீழுள்ள குடியிருப்பின்மீது சரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆலோசனையின்றி ஒரு கூடை மண்ணையும் அகற்றலாகாது. புதிதாக வெட்டுவதினும், ஏற்கெனவே மட்டமாக்கப்பட்டுப் பயனின்றிக் கிடக்கும் பழைய கட்டட அடித்தளமோ பாடசாலை முற்றமோ உண்டாவெனத் தேடுவதே அறிவுடைமை.

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளரும், ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், வணிகரும் உளர். இவ்விழா ஆண்டிலே அவர்களை நாம் வேண்டுவது பெரிதன்று. ஊவாவில் ஒரு தோட்டப் பாடசாலையைத் தெரிந்து, அதன் அதிபரோடும் பெற்றோரோடும் கலந்து, ஒரு தளத்தையும் ஆறு பலகைகளையும் ஆறு தலைக்கவசங்களையும் அளிப்பார்களாக. ஜன்வாரின் நெறிகள் இரண்டையும் அதன் வாயிலிற் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பார்களாக. பலகை வேண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பாடத்துக்கும் இருப்பார்கள். அத்தகைய ஒரு பாடசாலையின் வரவேட்டை அடுத்த மலரில் வெளியிடும் பேறு எமக்குக் கிட்டுமாயின், இம்மலரின் நோக்கம் நிறைவேறியதெனக் கொள்வோம்.