கியூபா அகதிகளும் 90 மைல் கடலும்

கியூபாவின் வடகரைக்கும் அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவுக்கும் நடுவே கிடப்பது ஏறக்குறைய 90 மைல் கடல்தான். எனினும், 1959 ஜனவரி முதல் தேதியன்று சர்வாதிகாரி பாடிஸ்டா தேசத்தை விட்டோட, ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சிப்படை அதிகாரத்தைக் கைக்கொண்ட காலந்தொட்டு, லட்சக்கணக்கான ஜனங்கள் சுதந்திரத்தை நாடி வீட்டையும் சொத்தையும், சிலர் பிராணனையும் அக்கடலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அலை அலையாய் விட்டுவிட்டுப் புறப்பட்டதற்குக் காரணம், இரு அரசாங்கங்களும் தத்தம் சௌகரியம்போல் வழியைத் திறந்தும் அடைத்தும் வந்ததே.

முதலில் வெளியேறியவர்கள் பெரும்பாலும் தனவந்தர்களும் உத்தியோகஸ்தர்களும். புரட்சி அரசாங்கம் குழந்தைகளைப் பறித்துக்கொள்ளும் என்ற வதந்திக்கு அஞ்சி, 1960-க்கும் 1962-க்கும் இடையே 14,000-க்கு மேற்பட்ட பாலகர்களைப் பெற்றோர் தன்னந்தனியே அமெரிக்காவுக்கு விமானமேற்றி அனுப்பினார்கள். அச்சம் எத்தகையதாயிருந்தால் ஒரு தாய் அதற்குத் துணிவாள்! 1965 முதல் 1973 வரை, இரு தேசங்களும் உடன்பட்டு விட்ட விமானங்கள் கியூபாவின் வரதேரோவிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்கு மேலும் பல்லாயிரவரைக் கொண்டு சேர்த்தன.

1980 ஏப்ரலில், ஹவானாவிலுள்ள பெரு நாட்டுத் தூதரகத்துள் ஒரு பஸ் வேலியைத் தகர்த்துக்கொண்டு புகுந்தது. காவலர் ஒருவர் மாண்டார். புகுந்தவர்களை ஒப்படைக்கப் பெரு மறுக்கவே, காஸ்ட்ரோ சினந்து காவலை விலக்கிவிட, சில தினங்களுக்குள் 10,000-க்கு மேற்பட்டோர் அவ்வளாகத்தில் நெருக்கியடித்து, மரக்கிளைகளிலும் கூரைமேலுங்கூட ஏறி அபயம் கேட்டனர். பிறகு, வெளியேற விரும்பியோருக்காகக் கியூபாவின் மாரியல் துறைமுகம் திறக்கப்பட்டது. அண்டை அயலார் முட்டையும் வசவும் வீச, அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறினார்கள். அவர்களிடையே சிறைக் கைதிகளையும் மனநோயாளிகளையும் கியூப அரசாங்கம் கலந்தனுப்பியது மெய்யே. ஆனால் அந்தச் சிறுபான்மையின் பேரால் அனைவரையும் பழித்தது பெரும் அநியாயம்.

சோவியத் யூனியனின் வீழ்ச்சியால் பஞ்சம் சூழ்ந்த 1994-இல், டயர் டியூபுகளையும் மரப்பலகைகளையும் கட்டி மிதந்தவர்கள் 30,000-க்கு மேல். கடலில் பிடிபட்ட அவர்களை அமெரிக்கா தன் குவாண்டனாமோ கடற்படைத் தளத்து முகாமில் அடைத்தது. மறு வருஷம் வகுத்த ஏற்பாடோ விசித்திரமானது: கரைக்குச் சில முழம் இப்பால் அகப்பட்டவன் திருப்பி அனுப்பப்படுவான், மணலில் காலூன்றியவன் தங்கலாம். அதே கடலில் வந்த ஹெய்ட்டி தேசத்து ஏழைகளுக்கு இந்தச் சலுகையுங்கூட இருக்கவில்லை.

கியூப அரசாங்கம் அதிருப்தியாளரை அகற்றவும், அமெரிக்க அரசாங்கம் பகைவரின் ஆட்சியை இகழவும் அகதியைப் பயன்படுத்தின என்பதே என் துணிபு. மணலில் காலூன்றியவர்க்கிருந்த அச்சலுகையையும் அமெரிக்க அதிபர் ஒபாமா, பதவிக்காலம் முடியுமுன், 2017 ஜனவரி 12-ஆம் தேதி ரத்து செய்தார்.