கத்தரிக்காய்க்கு ஊமத்தை சொந்தம்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் மதில் ஓரத்திலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் குப்பைமேட்டிலும் ஊமத்தைச் செடி தானாக முளைத்து நிற்கும். அதை யாரும் மதிப்பதில்லை. கத்தரிச் செடிக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால், இரண்டும் ஒரே குடும்பம்!

பூவைப் பார்த்தால் உறவு தெரியும். கத்தரிப் பூவின் இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டி, நுனியில் ஐந்தாக விரியும். நடுவே ஐந்து மகரந்தக் காம்புகள். ஊமத்தைப் பூவிலும் அதே கணக்குத்தான். நாதசுரம் போல நீண்டிருப்பது ஒன்றே வித்தியாசம். தக்காளி, மிளகாய், புகையிலை எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளே.

விஷ விதை

காய்ந்த ஊமத்தை விதையும் மிளகாய் விதையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். முற்காலத்து வழிப்பறிக்காரர்கள் பயணிகளின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்து, மயங்கியதும் கொள்ளை அடித்தார்கள். மிளகாய் விதை வெளிர் மஞ்சள், வழவழப்பு. ஊமத்தை விதை பழுப்பு. மேலே குழி குழியாக இருக்கும். அதற்குக் கார நெடி கிடையாது. தின்றவருக்கு வாய் வறளும், கண்ணின் பாப்பா விரியும், பிதற்றல் வரும்.

அரளிக் குடும்பம் வேறு மாதிரி. அதன் மொட்டில் இதழ்கள் திருகிக்கொண்டிருக்கும். விரிந்தால் காகிதக் காற்றாடிதான்! நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் இதற்குச் சொந்தம். அரளி இதயத் துடிப்பைக் கெடுக்கும் விஷம். நித்தியகல்யாணியிலிருந்தோ இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இப்படியும் இரண்டு பேர்!

எருக்கு முன்பு தனிக்குடித்தனம் இருந்தது. 1998-ல் தாவர அறிஞர்கள் அதை அரளி வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

கிள்ளினால் பால் வருகிறது என்பதை மட்டும் வைத்து அரளி இனம் என்று சொல்லிவிட முடியாது. கள்ளியிலும் பால் வரும். அது ஆமணக்குக் குடும்பம்.

தும்பையையும் துளசியையும் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம். தண்டை விரலால் தடவினால் போதும், நான்கு பட்டையாக இருக்கும்.

குழந்தை ஏதாவது காயையோ விதையையோ தின்றுவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அந்தச் செடியில் பூவோடும் காயோடும் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று டாக்டர் கண்டுகொள்ள அது உதவும்.